குளிர்நீரில் மூழ்குவோர்க்கு உருளையும் உடையும்



சித்தூரில் வாழும் அன்பர் ஒருவர் இத்திங்கள் நமது பகுதிக்கு வினா ஒன்று விடுத்துள்ளார். கனடா நாட்டில் பயிலும் அவர் மகன், அங்குள்ள ஏரியில் மூழ்கிப் பழங்கப்பல்களைக் காணும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறானாம். காற்றடைத்த சிலிண்டரும், குளிர் தாங்கும் உடையும் சொந்தமாக வாங்கப் பணம் வேண்டுமென்று எழுதியிருக்கிறான். எந்த அளவில் வாங்குவது, எதற்கு முதலில் செலவிடுவது என்பது தந்தையின் வினா. இது உயிருக்கு ஊறு தரும் விளையாட்டு அல்லவா என்பது தாயாரின் வினா. இரண்டுமே நியாயமான வினாக்கள். திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் பிள்ளைகள் கனடா, பிரிட்டன், நார்வே முதலிய குளிர்நாடுகளுக்குச் சென்றவண்ணம் இருப்பதால், ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய செய்தியாக இதனைக் கருத இயலாது. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீரில் மூழ்குதல் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. கொற்கையும் தூத்துக்குடியும் முத்தால் பெயர்பெற்றவை. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் நம்மவர் கல்லொன்றைக் காலில் பற்றிக் கடலடிக்கு இறங்கி, ஒரு நிமிட அளவே மூச்சடக்கிச் சிப்பி வாரி மேலேறினர். தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்கவேண்டும், தங்கையின் தாலியை எண்ணியாவது அவன் கயிற்றை நழுவவிடான் என்று சொல்வது அக்கரையில் வழங்கும் மரபு. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. காற்றுருளையைச் சுமந்து மூழ்கும் முறையோ, 1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் கான்யான் என்னும் பொறியாளரும் சேர்ந்து ஆக்வாலங் கருவியை அமைத்ததிலிருந்து பரவியது. எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956ஆம் ஆண்டளவில் இலங்கையில் குடியேறி, அக்கருவியின் துணைகொண்டே திருகோணமலைக் கோணேசர் மலையடிவாரக் கடலில் பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்டனர்.

ஆனால் மன்னாரும் திருகோணமலையும் வெப்பக்கடல்கள். ஆண்டின் பெரும்பகுதி அங்கே நீரின் வெப்பம் 27 முதல் 30 பாகை வரை இருக்கும். அங்கே உடை என்பது பவளப்பாறையின் கீறலுக்குக் காப்பு, அவ்வளவே. கனடாவில் நிலைமை வேறு. டொராண்டோ நகரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் டொபர்மோரி என்னும் சிற்றூர் இருக்கிறது. ஹியூரான் ஏரியின் கரையிலுள்ள அவ்வூரை ஒட்டி, 1987ஆம் ஆண்டு 'ஃபேதம் ஃபைவ்' என்னும் தேசிய நீர்ப்பூங்கா அமைக்கப்பெற்றது. இருபதுக்கு மேற்பட்ட பழங்கப்பல்கள் அங்கே மூழ்கிக் கிடக்கின்றன. 1885ஆம் ஆண்டு மூழ்கிய 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்னும் பாய்க்கப்பல் வெறும் 6 மீட்டர் ஆழத்திலேயே கிடப்பதால், படகில் இருந்தபடியே அதனைக் காணலாம். கோடையில் ஏரியின் மேல்நீர் இதமாக இருக்கும். அதை நம்பி இறங்கினால், ஓர் ஆழத்திற்குக் கீழே கதவைத் திறந்தாற்போல் குளிர்நீர் வந்து மோதும். அப்பேரேரிகளின் அடிநீர் எக்காலத்தும் 4 பாகையை ஒட்டியே நிற்பது.

இந்த 4 பாகை என்பது என்ன? மார்கழி வைகறையில் திருமலையில் சுவாமி புஷ்கரிணியில் மூழ்கி எழுந்தவர்க்குப் பல் கிட்டுவதன் பொருள் தெரியும். அந்நீர் இதனோடு ஒப்பிடத்தக்கதே அன்று. மேலும், நாம் மூழ்கி எழுவது கணப்பொழுது. மூழ்குவோர் அரைமணி நேரம் அதிலேயே இருக்கிறார்கள். நீரானது காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் சூட்டை உறிஞ்சுகிறது. குளிர்நீரில் திடீரென வீழ்ந்தவர்க்கு நேர்வதை மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கீஸ்பிரெக்ட் மூன்று எண்களில் அடக்கினார்: 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறல், அதனை வெல்லவேண்டும். அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொன்னபடி கேட்கும், பின்னர் மரத்துப்போகும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். குளிர்நீரில் மாள்வோர் பலர் உடல் உறைந்து மாள்வதில்லை. முதல் நிமிடத்தின் திணறலிலோ, கை இயங்காமையாலோ மாள்கின்றனர். மூழ்குவோர்க்கு உடையின் பயன் இங்கேதான் விளங்கும். கை மரத்தவன் கொக்கியைக் கழற்ற மாட்டான். வால்வைத் திருக மாட்டான்.

நம் உடல் குளிருக்குப் பழகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். ஓரளவு பழகும். கொரியாவின் ஜெஜு தீவில் ஹென்யோ எனப்படும் மூழ்கும் மகளிர், பருத்தி உடை ஒன்றையே உடுத்துக் குளிர்காலத்தில் 10 பாகை நீரிலும் மூழ்கினர். அவர்தம் உடல் குளிர்காலத்தில் மிகுதியாகச் சூட்டை விளைவித்ததை 1960களில் ஆராய்ந்தோர் அளந்தறிந்தனர். பின்னர் அவர்கள் ரப்பர் உடைக்கு மாறியதும், சில ஆண்டுகளில் அத்தன்மை மறைந்தது. தலைமுறையாகக் குளிரில் உழைத்தோரே நல்ல உடை கிடைத்ததும் அதனை ஏற்றுக்கொண்டனர் என்றால், இராயலசீமை வெயிலில் வளர்ந்த பிள்ளை உடையில் சிக்கனம் பார்ப்பது அறிவுடைமை ஆகுமா?

இனி உடையின் வகைகளைக் காண்போம். முதல் வகை வெட் சூட் எனப்படும் ஈர உடை. இது நியோப்பிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. அதனுள் நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்துள்ளன. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பிராட்னர் என்னும் இயற்பியலாளர் இதனை உருவாக்கினார். உடைக்கும் உடலுக்கும் இடையே சிறிது நீர் புகும். அந்நீரை உடல் சூடேற்றிக்கொள்ளும். சூட்டைக் காப்பது அந்த நீர் அன்று, ரப்பருக்குள் இருக்கும் குமிழிகளே. ஆகவே உடை தளர்ந்திருப்பின் குளிர்நீர் உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். எத்தனை தடிப்பாயினும் பயனில்லை. பொதுவாக 27 பாகைக்கு மேற்பட்ட நீருக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிப்பும், 20 முதல் 25 பாகை வரை 5 மில்லிமீட்டரும், 10 முதல் 18 பாகை வரை 7 மில்லிமீட்டரோடு தலையுறை, கையுறை, காலுறையும் கொள்வது வழக்கம்.

ஈர உடைக்கு ஒரு குறையுண்டு. ஆழம் செல்லச் செல்ல நீரின் அழுத்தத்தால் அக்குமிழிகள் நசுங்குகின்றன. 10 மீட்டர் ஆழத்தில் வாயுவின் பருமன் பாதியாகிறது. 30 மீட்டரில் கால்பங்காகிறது. குளிர் மிகும் ஆழத்திலேயே உடையின் காப்பும் குறைந்துவிடுகிறது. ஆகவே 10 பாகைக்குக் குறைந்த நீருக்கு டிரை சூட் எனப்படும் உலர் உடையே தக்கது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பொருந்தும் பட்டைகள் நீரை உள்ளே விடா. உள்ளே கம்பளி போன்ற தடித்த உள்ளுடை அணிவர். சிலிண்டரிலிருந்து சிறிது காற்றை உடைக்குள் செலுத்த ஒரு வால்வும், அதனை வெளியேற்ற மற்றொரு வால்வும் உண்டு. இவ்வுடையை இயக்கத் தனிப்பயிற்சி வேண்டும். மேலேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, அதனை வெளியேற்றத் தவறியவரை நெட்டித் தள்ளி மேற்பரப்பில் எறிந்துவிடும். இது மூழ்குவோர்க்கு நேரக்கூடிய பெருந்தீங்குகளுள் ஒன்று. ஐஸ்லாந்தில் சில்ஃபிரா என்னும் பிளவில் நீர் 2 முதல் 4 பாகையே. அங்கே மூழ்குவோர் உலர் உடை அணிந்தே தீரவேண்டுமென்பது விதி.

அடுத்து சிலிண்டர். நம்மவர் பலர் இதனை ஆக்சிஜன் சிலிண்டர் என்று சொல்லுகின்றனர். அது பிழை. அதில் இருப்பது நாம் மூச்சுவிடும் அதே காற்று. ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். தூய பிராணவாயுவை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்புக் கண்டு மூழ்கி இறக்க நேரும். காற்றைச் சாதாரணமாக 200 பார் அழுத்தத்திற்கு அடைப்பர். நம் ரயில் வண்டிகளின் பிரேக் குழாயில் ஓடும் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம். அதனைப்போல் நாற்பது மடங்கு என்று கொள்ளலாம். அத்தகைய பாத்திரத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவதும், இடையிடையே உட்புறத்தைப் பார்வையிடுவதும் கட்டாயம். பழைய சிலிண்டர் மலிவாய்க் கிடைக்கிறது என்று வாங்குவோர், அதன் கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியை முதலில் படித்தல் வேண்டும்.

அளவு எப்படித் தேர்வது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2400 லிட்டர் காற்று. அதில் 50 பார், அதாவது 600 லிட்டர், இடருக்கென்று ஒதுக்கவேண்டும். செலவுக்கு உள்ளது 1800 லிட்டர். தரையில் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு ஆதலால் 60 லிட்டர் செலவிடுவார். 1800ஐ 60ஆல் வகுக்க 30 நிமிடம் வரும். இது வெப்பக்கடலின் கணக்கு. குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்க உழைக்கிறது. கனத்த உடையும் மிகுந்த ஈயமும் சுமந்து நீந்தவேண்டியுள்ளது. உலர் உடையும் சிறிது காற்றை உண்கிறது. எனவே 20 என்பதை 25 என்று கொள்வோம். 20 மீட்டரில் 75 லிட்டர் ஆகும். அதே 12 லிட்டர் சிலிண்டர் இப்போது 24 நிமிடமே வரும். 15 லிட்டர் சிலிண்டரில் 3000 லிட்டர். 50 பாருக்குரிய 750 லிட்டரைக் கழிக்க 2250. அதனை 75ஆல் வகுக்க மீண்டும் 30 நிமிடம். அதாவது, வெப்பக்கடலில் 12 லிட்டர் செய்யும் வேலையைக் குளிர்நீரில் 15 லிட்டர் செய்கிறது. இறங்கும்போதும் ஏறும்போதும் ஆகும் காற்றை இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே உண்மையில் இன்னும் குறையும்.

அப்படியாயின் பெரியதையே வாங்கிவிடலாமே எனலாம். அதற்கும் தடையுண்டு. 12 லிட்டர் இரும்புச் சிலிண்டர் சுமார் 14 கிலோ எடை. 15 லிட்டர் சுமார் 18 கிலோ. மெலிந்த உடலினர் அதனைச் சுமந்து ஈரப்பாறையில் நடப்பது எளிதன்று. மேலும் 30 மீட்டர் ஆழத்தில், பரவலாக வழங்கும் அட்டவணைப்படி, நைட்ரஜன் உடலில் தேங்குவதனால் ஏறத்தாழ 20 நிமிடமே தங்கலாம். 15 லிட்டர் சிலிண்டரோ நிமிடத்திற்கு 100 லிட்டர் வீதம் அங்கே 22 நிமிடம் வரும். காற்று மீதியிருக்கிறது என்று தங்கிவிட்டால் கேடு வேறுவழியில் வரும். குளிரோ அக்கேட்டை மிகுவிக்கும். பெரிய சிலிண்டரை நெடுநேரம் தங்குவதற்குரிய உரிமைச்சீட்டு என்று எண்ணலாகாது. இடர் வந்தால் பதறாமல் மேலேற உதவும் சேமிப்பு என்றே எண்ணவேண்டும். உருவில் சிறியவர்களும் பெண்மக்களிற் பலரும் குறைவாகவே சுவாசிப்பர். அவர்க்கு 10 அல்லது 12 லிட்டர் போதும்.

இரும்பா, அலுமினியமா என்பதும் வினாவே. வெப்பநாடுகளின் பயிற்சிக் கூடங்களில் பெரும்பாலும் 11 லிட்டர் அளவுள்ள அலுமினியச் சிலிண்டரே கிடைக்கும். காற்றுக்கும் எடை உண்டு. 2400 லிட்டர் காற்று ஏறத்தாழ 3 கிலோ. அது தீரத் தீர அலுமினியச் சிலிண்டர் மிதக்கத் தலைப்படும். இரும்போ பெரும்பாலும் காலியானபோதும் அமிழ்ந்தே நிற்கும். குளிர்நீர் உடையே மிதக்கும் இயல்பினது. அதனை அமிழ்த்த இடுப்பில் 10 கிலோவும் அதற்கு மேலும் ஈயம் கட்டுவோர் உண்டு. அலுமினியத்தைச் சுமந்தால் ஈயம் இன்னும் கூடும்; இரும்பாயின் குறையும். ஆகவே குளிர்நாட்டினர் இரும்பையே விரும்புகின்றனர். ஏரிநீர் உப்பற்றது, கடல்நீரைவிட இலேசானது. கடலில் பழகியவர் ஏரிக்குச் செல்லின் 2 கிலோவுக்குக் குறையாமல் ஈயத்தைக் கழிக்கவேண்டியிருக்கும்.

இன்னொன்று பெரும்பாலோர் மறப்பது. அழுத்தமான காற்று விரியும்போது குளிர்கிறது. நீரும் 10 பாகைக்குக் குறைந்தால், ரெகுலேட்டர் எனப்படும் மூச்சுக்கருவிக்குள் பனி உறைந்து, வால்வு மூடாமல் காற்று முழுதும் பீறிட்டு ஓடிவிடக்கூடும். ஐரோப்பிய நாடுகளின் தரவிதி குளிர்நீருக்கு ஏற்றதும் ஏலாததுமான கருவிகளைப் பிரித்துக் குறிக்கிறது. குளிர்நீரில் மூழ்குவோர் அதற்கென்று செய்யப்பெற்ற கருவியையே கொள்ளவேண்டும். இரு வாய் வால்வுள்ள சிலிண்டரில் தனித்தனியே இரு ரெகுலேட்டர்களைப் பொருத்தினால், ஒன்று உறைந்தாலும் அதனை மூடி மற்றொன்றில் சுவாசிக்கலாம்.

இனி பணத்தின் செய்திக்கு வருவோம். பெற்றோர் அனுப்பும் பணம் எல்லாவற்றிற்கும் போதாதெனின், முதலில் வாங்கவேண்டியது உடை. இறுதியில் வாங்கவேண்டியது சிலிண்டர். உடை ஒருவர் உடலுக்கென்று அமைவது. வாடகை உடை கழுத்தில் தளர்ந்தும் தோளில் இறுகியும் இருப்பின் குளிரும் உள்ளே வரும், மூச்சும் முட்டும். சிலிண்டரோ எவர்க்கும் ஒன்றே. மூழ்குமிடத்துக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். சோதனையும் பராமரிப்பும் கடைக்காரர் பொறுப்பு. விமானத்தில் கொண்டுவருவதாயின் வால்வைத் திறந்து காலியாக்கிக் காட்டவேண்டிய தொல்லையும் மிச்சம். இரண்டொரு பருவம் வாடகைக்கு எடுத்து, தன் மூச்சின் அளவை அறிந்தபின் வாங்குவதே முறை.

தாயாரின் வினாவுக்கும் விடை கூறவேண்டும். இதில் ஆபத்து இல்லை என்று நான் எழுதமாட்டேன். 2018ஆம் ஆண்டு தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவரும் அவர்தம் பயிற்சியாளரும் அடைபட்டபோது, வழிநெடுகச் சிலிண்டர் வைக்கச் சென்ற சமன் குனான் என்னும் முன்னாள் கடற்படை வீரர் திரும்பும் வழியில் உயிர்துறந்தார். தேர்ந்த வீரர்க்கும் நீருக்கடியில் நேரும் முடிவு அது. எனவே பயிற்சி பெற்ற பிள்ளையேயாயினும், விதிகளை மீறாதிருத்தலே அவனுக்குக் காப்பு. தனியே மூழ்கலாகாது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறலாகாது. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறலாகாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கவேண்டும். நடுக்கம் கண்டால், சிலிண்டரில் எவ்வளவு காற்று இருப்பினும் அன்றைய மூழ்கல் முடிந்தது. கரையேறியபின் ஒரு மிடறு மது சூடு தரும் என்பது பொய். அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உள்ளிருக்கும் சூட்டையும் வெளியேற்றும். உடனே கொதிநீர்க் குளியலும் வேண்டாம். உலர்ந்த ஆடையும், இனித்த சூடான தேநீரும் போதும். குளிர்நீரில் சிறுநீர் மிகுந்து பிரியுமாதலால் முன்னும் பின்னும் நீர் பருகவேண்டும்.

பெற்றோர் தொலைபேசியில் மகனிடம் ஐந்து வினாக்கள் கேட்டால் போதும். மூழ்குமிடத்தில் அடிநீரின் வெப்பம் எத்தனை பாகை? உன் உடை அதற்கு ஏற்றதா, உலர் உடையாயின் அதற்கெனப் பயிற்சி பெற்றாயா? உன் மூச்சு நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்று அளந்தாயா? உன் ரெகுலேட்டர் குளிர்நீருக்குரியதா? உன்னோடு இறங்கும் துணைவர் யார்? ஐந்துக்கும் தயங்காமல் விடை சொல்லும் பிள்ளைக்குப் பணம் அனுப்பலாம். ஏதேனும் ஒன்றில் தடுமாறினால், அவ்விடை வரும்வரை பணத்தை நிறுத்திவைப்பதில் தவறில்லை. முத்துக்குளித்த முன்னோர் கயிறு பிடிப்பவனை எவ்வளவு ஆராய்ந்து தேர்ந்தார்களோ, அவ்வளவு ஆராய்ச்சி துணைவரைத் தேர்வதிலும் வேண்டும் என்பதை மட்டும் அவனுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.